பதினேழு இன்ச்

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சுருளை மிதித்துவிடக் கூடாது. ஃப்ளெக்ஸ்தான். மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு நிற்கும், அப்புறம் என்ன செய்தாலும் போகாது. மேலே போடலாம் என்றால் கண்டக்டர் விடவில்லை. "என்னய்யா, பஸ்ஸுக்கே கூரை மாத்தப் போறீரா?" என்கிறார். ஆறடிக்குப் பத்தடி. நான் செய்கிறதில் இது சின்னது. சங்கரன்கோவிலில் ஃப்ளெக்ஸ் கோமதிநாயகம் என்று கேட்டால் யாரும் கடையைக் காட்டுவார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நம்மிடம்தான். இந்த வயதிலும் ஏணியில் நான்தான் ஏறிக் கட்டுவேன். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. வேலைக்காரன் கட்டினால் மூலை தொங்கும்.

கையில் என்ன நோட்டீஸ், லாப்டாப்பா? இரண்டுக்குப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறீர்களே. மகளுக்கா? படம் வரைகிற படிப்பா? நல்லது. மகள் சின்னதைக் கேட்கிறாள், நீங்கள் பெரியதைப் பார்க்கிறீர்கள், அப்படித்தானே? எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இந்த இரண்டு வட்டத்துக்கு நடுவில் ஒரு வருஷம் நின்றவன் நான்.

பெரியதாகவே வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன். இறங்குகிற வரைக்கும் நேரம் இருக்கிறது.

எனக்கு ஒரே மகன். குமரேசன். வீட்டில் குமரேசு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வரைவான். கடையில் வீணாகிப் போகும் ஃப்ளெக்ஸின் பின்பக்கம் முழுக்க அவன் படம்தான். காக்கா, கழுதை, டீக்கடை பெஞ்ச், அவன் அம்மா செண்பகவடிவு வெங்காயம் உரிக்கிறது. மனிதர்கள் முகத்தை அப்படியே கொண்டுவந்துவிடுவான். என் முகத்தை ஒருமுறை வரைந்தான். வாயைக் கொஞ்சம் பெரியதாகப் போட்டுவிட்டான். "ஏல, என் வாய் இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்றேன். "பேசும்போது அப்படித்தாம்ப்பா இருக்கு" என்றான். அவனுக்கு விளையாட்டுப் பேச்சு உண்டு.

கல்லூரி முடித்த வருஷம் காலில் வீக்கம் வந்தது. முகம் ஊதியது. சாப்பாடு சரியில்லை என்று நினைத்தோம். திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனால், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். பிறவியிலிருந்தே சுருங்கியிருந்ததாம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துவைத்தார்கள். அந்தக் கையில்தான் ஊசி. இரண்டு பெரிய ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே போகும், மெஷினில் சுத்தமாகும், இன்னொன்றில் உள்ளே வரும். நாலு மணி நேரம் அந்தக் கையை ஆட்டக் கூடாது, மடக்கக் கூடாது, மேலே எதையும் வைக்கக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு வேலை வந்தது. பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்கள். அங்கே பத்மினி மேடம் என்று ஓர் அம்மா. இவன் எதையோ அனுப்பியிருக்கிறான், அவர்களுக்குப் பிடித்துவிட்டது. முழுப் புத்தகமும் இவனே. கதையும் இவன்தான், படமும் இவன்தான். கதை என்ன தெரியுமா? சங்கரன்கோவில் கழுதை ஒன்று கடலைப் பார்க்க வேண்டும் என்று திருச்செந்தூருக்கு நடந்து போகிறது. அவ்வளவுதான். ஊர் ஊராக நடக்கிறது. வழியில் எல்லாரும் அதன்மேல் மூட்டை ஏற்றப் பார்க்கிறார்கள். நான் கேட்டேன்: "ஏல, கழுதையவா போடுவாங்க? யானை, சிங்கம்னு கம்பீரமா ஒண்ணு போடக் கூடாதா?"

"யானைக்குக் கடலைக் காட்ட ஆள் இருக்குப்பா. கழுதைக்கு யாரு இருக்கா?"

கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும், ஆவணிக்குள் முடிக்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். முதல் புத்தகம். அவனுக்கு அது தலையில் கிரீடம் வைத்த மாதிரி. அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் பார்த்தே வெகு நாளாகியிருந்தது. "வால. இன்னைக்கே வாங்குவோம்" என்றேன். சித்திரை மாதம். நல்ல நேரம் பார்த்துத்தான் போனோம்.

கடையில் இரண்டை எடுத்துவைத்தார்கள். ஒன்று பதின்மூன்று இன்ச். மெலிசு. பின்னால் முழுக்க மடித்தால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும், கூட வருகிற பேனாவால் திரையிலேயே வரையலாம். இன்னொன்று பதினேழு இன்ச். அண்ணாச்சி, அதைத் திறந்தால் ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். எழுத்துக்கட்டைகளுக்குக் கீழே பச்சை, நீலம், சிவப்பு என்று விளக்கு ஓடும். இரண்டும் ஒரே விலை. பெரியதற்குப் பையும் மவுஸும் இலவசம். நீங்களே சொல்லுங்கள். ஒரே விலைக்கு ஆறடி ஃப்ளெக்ஸும் பத்தடி ஃப்ளெக்ஸும் கிடைத்தால் எவனாவது ஆறடியை அடிப்பானா?

குமரேசு சின்னதைக் கையில் எடுத்தான். கடையில் சாய்வு நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் மல்லாந்த மாதிரி சாய்ந்துகொண்டு, இடது கையை அப்படியே நீட்டி ஓரமாக வைத்துவிட்டு, லாப்டாப்பை வயிற்றின்மேல் மடித்துவைத்து வலது கையால் வரைந்து பார்த்தான். கழுதையின் ஒரு காது. கடைக்காரர் சிரித்தார்.

"என்ன தம்பி, படுத்துக்கிட்டே வரையுறீங்க?"

"நான் வேலை பாக்கிற இடத்துல இப்படித்தான் சார் உக்காரணும்."

என்னிடம் தனியாகச் சொன்னான். "எப்பா, வாரத்துல மூணு நாள் அந்தக் கட்டில்லதான் கிடக்கேன். முத ரெண்டு மணி நேரம் தலை தெளிவா இருக்கு. வீட்டுக்கு வந்தா சுருண்டுருதேன். மறுநாளும் எந்திரிக்க முடியல. எனக்குன்னு இருக்கிறது அந்த நேரந்தான். அங்க வச்சு வரையுறதுக்குச் சின்னது போதும்ப்பா."

எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கென்று ஒரு சாமான் வாங்குவார்களா, அண்ணாச்சி? வீட்டுக்கு வாங்கலாம், கடைக்கு வாங்கலாம். ஆஸ்பத்திரிக்கென்று வாங்கினால் ஆஸ்பத்திரி நிலைத்துவிடாதா? அதை அவனிடம் அப்படிச் சொல்ல முடியுமா. வேறு மாதிரி சொன்னேன். "அந்தக் கட்டில் கொஞ்ச நாளைக்குத்தாம்ல. வேற கிட்னி வச்சுட்டா அப்புறம் உனக்கு அங்க என்ன சோலி? இது பத்து வருஷத்துக்கு உழைக்கும். பெருசா பார்த்து வரையலாம், கண்ணு கெடாது."

சின்னதைத் திரும்ப மேசைமேல் வைத்தான்.

"பத்து வருஷத்துக்கா" என்றான். அப்புறம், "சரிப்பா" என்றான்.

அவனே சரி என்றுதான் சொன்னான். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நேராகக் கோவிலுக்குக் கொண்டுபோய் கோமதியம்மன் சந்நிதியில் வைத்து, திரையின் மூலையில் சந்தனம் குங்குமம் வைத்தோம். அன்று சாயங்காலமே நான் ஒரு வேலை செய்தேன். கடையில் வினைல் ஸ்டிக்கர் அடிக்கிற மெஷின் இருக்கிறது. மூடியின் அளவு எடுத்து, அந்த மூடி முழுக்க வருகிற மாதிரி ஒரு ஸ்டிக்கர் அடித்து, கொப்புளம் ஒன்றுகூட இல்லாமல் ஒட்டினேன். மேலே அம்மன் படம். நடுவில் 'கோமதிநாயகம் டிஜிட்டல்ஸ்'. கீழே இரண்டு செல் நம்பர். ஓரத்தில் குமரேசு பெயர், 'ஓவியர்' என்று போட்டு. அவனுக்குத் தெரியாமல் செய்தேன், ஆச்சரியப்படட்டும் என்று.

பார்த்துவிட்டுச் சிரித்தான். "எப்பா, கடையவே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்குப்பா."

"போகட்டும்ல. நாலு பேர் பார்க்கட்டும்."

அடுத்த டயாலிசிஸுக்கு நானே அதைத் தூக்கிக்கொண்டு போனேன். சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல் கனம். வார்டில் ஜெபக்கனி சிஸ்டர் என்று ஒருத்தர், கண்டிப்பானவர். என்னைப் பார்த்ததும், "என்னய்யா இது, தியேட்டரத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றார். பக்கத்துக் கட்டிலில் மேலப்பாளையத்து பாய் ஒருத்தர், காதர் மைதீன். அரிசிக் கடை வைத்திருந்தவர், எங்களுக்கு முன்னாலிருந்தே டயாலிசிஸில் இருக்கிறார். அவர் தலையைத் தூக்கிப் பார்த்து, "தம்பி, அந்தத் திரைய இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பு, மேட்ச் பாப்போம்" என்றார். வார்டு முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கட்டிலுக்குக் குறுக்கே சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகை உண்டு. அதில் இந்த லாப்டாப் பாதிதான் உட்கார்ந்தது. மீதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சரி என்று வயிற்றின்மேல் வைத்தான். உள்ளே விசிறி சுற்றுகிற மெஷின், அடியில் சூடு. தலையணை வைத்து அதன்மேல் வைத்தான். திரையில் பேனாவால் வரைய முடியாது, தனியாக ஒரு பேடு வாங்கி மாட்ட வேண்டும். அதைத் தீபாவளிக்கு வாங்கலாம் என்று சொல்லியிருந்தேன். மவுஸால் வரைந்து பார்த்தான்.

"எப்படி இருக்குல?"

"சோப்புக்கட்டிய வச்சு வரையுற மாதிரி இருக்குப்பா."

சொல்லி வாய் மூடவில்லை, தலையணை நழுவியது. லாப்டாப் சரிந்தது. எவனும் என்ன செய்வான்? இடது கையால் பிடித்துவிட்டான். மடக்கிவிட்டான், அண்ணாச்சி, ஊசி இருக்கிற கையை. டயாலிசிஸ் மெஷின் அலறியது. ஊசி குத்தியிருந்த இடம் உள்ளுக்குள் கசிந்து, கை முட்டை மாதிரி வீங்கிவிட்டது. ஜெபக்கனி சிஸ்டர் ஓடிவந்து ஊசியை எடுத்து வேறு இடத்தில் குத்தினார். அவன் சத்தமே போடவில்லை. லாப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் பிடித்துவிட்டேன்.

"இனிமே இத வார்டுக்குள்ள கொண்டு வராதீங்கய்யா" என்றார் சிஸ்டர். "வீட்டுல வச்சு வரையட்டும்."

அன்று திரும்பும்போது இதே வழியில், பஸ்ஸில் குமரேசு கேட்டான். "எப்பா, ஒரு வாரத்துக்குள்ள கொடுத்தா மாத்திக்குவோம்னு கடையில சொன்னாங்கல்லா? சின்னதா மாத்திட்டு வந்துருவோமா?" சரி, பிள்ளை கேட்கிறானே என்று மறுநாளே போனேன். கடைக்காரர் மூடியைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். செல் நம்பரைப் பார்த்தார். "இத எப்படி சார் திரும்ப எடுக்கிறது?" என்றார். பிய்த்துவிடலாம் என்று நகத்தால் நெம்பிப் பார்த்தேன். நான் ஒட்டின ஸ்டிக்கர், அவ்வளவு லேசில் வருமா? மழையில் வெயிலில் கார் கண்ணாடியில் வருஷக்கணக்கில் நிற்கிற சரக்கு. கீழே இருந்த பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. காசு கொடுத்து வாங்கின சாமானில் சொந்தப் பெயரைப் போட ஒருத்தனுக்கு உரிமை இல்லையா? அங்கேயே சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டேன். தப்பு அந்தக் கடைக்காரருடையது.

பிறகு அது வீட்டில் மேசைமேல் இருந்தது. டயாலிசிஸ் இல்லாத நாளில் அவன் எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் வரைவான். பாதி நாள் எழுந்திருக்கவே மாட்டான். வைகாசி வந்தது. வைகாசி என்றால் முகூர்த்தம்தான், உங்களுக்குத் தெரியாததா. அந்த நேரம் பார்த்துக் கடையில் இருந்த டிசைனர் திருப்பூருக்குப் போய்விட்டான். கடைக் கம்ப்யூட்டரோ பழசு. இங்கே இவ்வளவு பெரிய லாப்டாப் சும்மா கிடக்கிறது. கடைக்குக் கொண்டுபோனேன். இரவல் மாதிரிதான். குமரேசு வரைய வேண்டும் என்றால் கடைக்கு வந்து வரையலாம், ஃபேன் இருக்கிறது, பெஞ்ச் இருக்கிறது. வந்தான். வந்த இடத்தில் ஆட்கள் நிற்பார்கள். "ராசா, இந்த ஒரு கல்யாணத்தை மட்டும் முடிச்சிரு, இன்னைக்கே கட்டணுமாம்" என்பேன். முடித்துக் கொடுப்பான். மாப்பிள்ளை தலைக்கு மேலே கட்சித் தலைவர் படம், பெண் தலைக்கு மேலே தாய்மாமன்மார் படம் என்று எல்லாவற்றையும் அழகாக அடுக்குவான். ஆட்கள் அசந்துபோவார்கள். மகனுக்குத் தொழில் வந்துவிட்டது என்று எனக்கு மனம் நிறைந்தது. செண்பகவடிவுதான் வாசலில் வந்து நின்றுகொண்டு, "அவனப் படுக்க விடுங்க. கழுதையாவது வரையட்டும், இல்ல தூங்கவாவது செய்யட்டும்" என்பாள். அவளுக்கு இந்தத் தொழில் புரியாது.

கழுதையை எங்கே வரைந்தான் என்கிறீர்களா? செல்போனில். ஆமாம், உள்ளங்கை அளவு திரையில், வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும். வார்டுக் கட்டிலில் செல்லை நெஞ்சின்மேல் சாய்த்துவைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு காதை வரைவான், அப்புறம் தள்ளி ஒரு காலை வரைவான். முழுக் கழுதையை ஒரே பார்வையில் அவனால் பார்க்க முடியாது. பாய் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"தம்பி, கழுத இன்னைக்கு எங்க வந்திருக்கு?"

"தேவர்குளம் வந்துட்டு, பாய். ஒருத்தர் பருத்தி மூட்டைய ஏத்தப் பாக்கிறார்."

"ஏத்த விட்டுராத. வெயிலுக்கு முந்தி மானூரத் தாண்டச் சொல்லு."

இதோ, தேவர்குளம் வருகிறது பாருங்கள். இந்தப் புளியமரத்தைக்கூட அவன் போட்டிருந்தான்.

எனக்கு இந்தத் தொழிலில் எத்தனை வருஷ அனுபவம். நான் அப்போதே சொன்னேன். "ஏல, செல்லுல வரைஞ்சது பிரிண்ட்டுக்குப் போனா உடையும். சின்னப் படத்தப் பெருசாக்குனா கட்டங்கட்டமாத்தான் தெரியும்." அவனுக்கும் அது தெரியும். சிரித்தான். சொன்ன மாதிரியே ஒருநாள் வார்டில் இருக்கும்போது பத்மினி மேடம் போன் செய்து, படம் நன்றாக இருக்கிறது, ஆனால் அச்சில் உடைகிறது, வேறு எதிலாவது வரைந்து கொடுக்க முடியுமா என்றார். நேரம் வேண்டுமானால் தருகிறேன் என்றார். குமரேசு, "முடிச்சிருவேன் மேடம்" என்றான். அந்த மாதிரி தழைந்த குரலில் அவன் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த பாய் என்ன செய்தார் தெரியுமா? என்னை அருகே கூப்பிட்டார். "நாயகம் அண்ணாச்சி, என் மச்சான் மகன் சென்னைல படிச்சு முடிச்சுட்டான். அவன்கிட்ட சின்னதா ஒண்ணு இருக்கு, பேனா வச்சு எழுதுவான். இப்ப சும்மாதான் கிடக்கு. தம்பி வேலை முடியுற வரைக்கும் கொண்டுவந்து தரச் சொல்லுதேன்" என்றார்.

நல்ல மனிதர். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், நான் மகனுக்கு இருப்பதிலேயே பெரியதை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஊருக்கே தெரியும். அவன் அடுத்தவன் சாமானை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு வரைந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? "இல்ல பாய், நம்மகிட்ட பதினேழு இன்ச் இருக்கு" என்றேன். குமரேசு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன். கண் திறந்துதான் இருந்தது.

அன்றைக்கப்புறம் அவன் லாப்டாப் பேச்சை எடுக்கவே இல்லை. மனம் திருந்திவிட்டான்.

கிட்னி விஷயத்தைக் கேட்கிறீர்கள். பார்த்தோமே. செண்பகவடிவு, "என்னோடத எடுத்துக்கிடுங்க" என்று முதல் நாளே சொன்னாள். அவளுக்குச் சர்க்கரை, வேண்டாம் என்றுவிட்டார்கள். என்னையும் டெஸ்ட்டுக்கு வரச் சொன்னார்கள். ரத்த வகை எனக்கும் அவனுக்கும் ஒன்றுதான். போகிறதாகத்தான் இருந்தேன். வைகாசியில் எப்படிப் போவது? கடையில் டிசைனர் வேறு இல்லை. ஆனியில் போகலாம் என்றால் ஆடித்தபசுத் திருவிழா வேலை ஆரம்பித்துவிட்டது. ஊர் முழுக்கப் பேனர். தபசு நேரத்தில் சங்கரன்கோவிலில் ஃப்ளெக்ஸ்காரன் ஷட்டரை இறக்கினால் அடுத்த வருஷம் ஒருத்தன் வர மாட்டான். ஆவணி முகூர்த்தம் முடியட்டும், அப்புறம் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடமே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கிட்னி எங்கே போகிறது, உடம்புக்குள்தானே இருக்கிறது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மேலரதவீதியில் ஏணியில் நிற்கிறேன், ஒரு காதுகுத்துப் பேனர். செல் அடிக்கிறது. கையில் கயிறு, எடுக்க முடியவில்லை. மறுபடி அடிக்கிறது. மூலையை இழுத்துக் கட்டிவிட்டு எடுத்தேன். செண்பகவடிவு. மூச்சு வாங்குகிறது, பிள்ளை உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவிக்கிறான் என்றாள். நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டதாம். கார் பிடித்து இதே ரோட்டில் போனோம். பின் சீட்டில் அவள் மடியில் தலையை வைத்திருந்தான். ஜன்னலைப் பார்த்து ஏதோ கேட்டான். எனக்குக் கேட்கவில்லை. அவள்தான் சொன்னாள், எந்த ஊர் என்று கேட்கிறான் என்று. "மானூர்" என்றேன்.

மானூரைத் தாண்டவில்லை, அண்ணாச்சி.

இல்லை, தண்ணீர் வேண்டாம். பழகிவிட்டது.

எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். அஞ்சலி பேனர் இருபதுக்குப் பத்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. எங்கள் ஊரில் அதுவரை யாருக்கும் அவ்வளவு பெரியது கட்டியதில்லை. எம்.எல்.ஏ. அப்பாவுக்குக்கூடக் கிடையாது. அந்த லாப்டாப்பில்தான் வடிவமைத்தேன். பெரிய திரை என்பதால் சௌகரியமாக இருந்தது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தப் புத்தகமும் வந்துவிட்டது. பத்மினி மேடம் நல்ல அம்மா, விட்டுவிடவில்லை. அவன் செல்லில் வரைந்த பக்கங்களையெல்லாம் உடையாமல் தெரிகிற அளவுக்குச் சின்னதாகவே அச்சடித்திருக்கிறார்கள். புத்தகமே கையகலம்தான். கழுதை திருநெல்வேலிப் பாலத்தில் நிற்கிற வரைக்கும் குமரேசு வரைந்தது. அதற்கப்புறம் உள்ள பக்கங்களை வேறு யாரோ ஒரு பெண் வரைந்திருக்கிறார். கடல் அந்தப் பெண் வரைந்தது. நல்ல கடல்தான், நீலமாக. ஆனால் கழுதையின் காது மாறியிருக்கிறது. குமரேசு வரைந்ததில் ஒரு காது கொஞ்சம் மடிந்திருக்கும், அந்தப் பெண் இரண்டையும் நிமிர்த்திவிட்டார். பிள்ளைகள் யார் கவனிக்கப் போகிறார்கள். கடலைப் பார்க்கிறது வேறு கழுதை.

புத்தகம் என்னிடம் இல்லை. செண்பகவடிவு வைத்திருக்கிறாள். அவள் புளியங்குடியில், அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஒரு மாறுதலுக்கு. காரியம் முடிந்ததும் போனவள், வருஷம் ஆகப் போகிறது. போன் செய்தால் அவள் அண்ணன்தான் எடுப்பார். அவள் மனம் ஆறினால் வருவாள். அவளும் பெரியதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பாள், கேட்டிருந்தால்.

மானூர் தாண்டிவிட்டதா? நான் பார்க்கவில்லை. நான் இந்த ஊரில் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

இந்தச் சுருளா? அவனுடையதுதான். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே டீக்கடைக்காரர் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். டயாலிசிஸ் வார்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். ஜெபக்கனி சிஸ்டருக்குப் போனில் சொன்னேன். "வேண்டாம்யா, இங்க படுத்திருக்கிறவங்க பார்ப்பாங்கய்யா" என்றார். பார்க்கட்டும் என்றுதானே கட்டுகிறேன். அவனோடு கிடந்தவர்கள். பாய்க்கு அவன்மேல் எவ்வளவு பிரியம்.

போன பேனருக்குப் போட்டது கல்லூரிப் படம், இதற்கு அவர்கள் பார்த்த முகமாகக் கிடைக்கத்தான் பாடுபட்டேன். சீக்கு வந்ததிலிருந்து அவன் போட்டோவுக்கே நிற்க மாட்டான், முகம் ஊதியிருக்கிறது என்று. கடைசியில் ஜெபக்கனி சிஸ்டரின் செல்லில் ஒன்று இருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு வரைகிறான், ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். வார்டு முழுக்க அதில் விழுந்திருக்கிறது. கட்டில், டயாலிசிஸ் மெஷின், குழாய், ஊசி, கையில் அந்தச் செல். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டேன். எதற்கு அதெல்லாம். வெட்டினபிறகு மிச்சம் இருந்தது முகம் மட்டும், கட்டைவிரல் நகம் அளவு. அதை ஆறடிக்குக் கொண்டுவந்தேன்.

பார்க்கிறீர்களா? அந்த முனையைப் பிடியுங்கள். மெதுவாக, மடிப்பு விழாமல். அவ்வளவுதான் பிரிக்க முடியும், முன் சீட் இடிக்கிறது.

இதுதான் கண். இல்லை அண்ணாச்சி, இந்தக் கறுப்புக் கட்டமும் பக்கத்தில் இருக்கிற பழுப்புக் கட்டமும் சேர்ந்து. அது மூக்கு. இந்த வெள்ளைக் கட்டங்கள்தான் சிரிப்பு.

இப்படிக் கிட்டத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாகத் தள்ளி நின்று பார்த்தால் அவனேதான். பஸ்ஸில் அவ்வளவு இடம் இல்லை.